ஒரே நாளில் முடிந்த முதல் ரஞ்சி மேட்ச்: 11 விக்கெட் எடுத்த ஏ.ஜி.ராம் சிங் யார்?

பெரியபட்டினம் மாதிரி கடலோர ஊர்களில் டென்னிஸ் பந்து மேட்ச் ஆடும் பசங்களுக்கு ஒரு விஷயம் நல்லாவே தெரியும். கையில் 40 ரன்தான் இருக்கு என்றாலும், நல்ல பௌலர் ஒருத்தர் இருந்தால் ஜெயிச்சிடலாம். இந்தியாவின் பெரிய உள்ளூர் கிரிக்கெட் தொடரான ரஞ்சிக் கோப்பை தொடங்கியதே அப்படி ஒரு மேட்ச்சில்தான்!

அன்று என்ன நடந்தது?

1934 நவம்பர் 4. சென்னை சேப்பாக்கம் மைதானம். மெட்ராஸ் அணியும் மைசூர் அணியும் மோதின. முதல் பந்தை வீசியவர் எம்.ஜே.கோபாலன். ஆனால் மேட்ச்சை முடித்து வைத்தவர் 24 வயது இடது கை சுழற்பந்து வீச்சாளர் ராம் சிங்.

மைசூர் முதல் இன்னிங்ஸில் 48 ரன்னுக்கு சுருண்டது. ராம் சிங் 19 ரன் கொடுத்து 6 விக்கெட். மெட்ராஸ் எடுத்தது 130 ரன்தான். அதுவே போதுமானதாக இருந்தது. இரண்டாவது இன்னிங்ஸில் மைசூர் 59 ரன்னுக்கு ஆல் அவுட். இந்த முறை 16 ரன்னுக்கு 5 விக்கெட். மொத்தம் 35 ரன்னுக்கு 11 விக்கெட்! மெட்ராஸ் இன்னிங்ஸ் மற்றும் 23 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது. பொழுது சாயும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

பெயரில் இருக்கும் அமிர்தசரஸ்

1910-ல் அமிர்தசரஸில் பிறந்தவர் ராம் சிங். வளர்ந்ததும் ஆடியதும் மெட்ராஸில். ஏ.ஜி. என்பது இன்ஷியல்: ‘ஏ’ என்றால் அமிர்தசரஸ், ‘ஜி’ என்றால் கோவிந்த்சிங். நம்ம ஊர் வழக்கப்படி ஊர்ப் பெயரையும் சேர்த்துக்கொண்ட சீக்கியக் குடும்பம் அது.

பேட்டிங்கிலும் கில்லாடி. ரஞ்சிக் கோப்பையில் 1,000 ரன், 100 விக்கெட் இரண்டையும் தொட்ட முதல் வீரர் இவர்தான்.

டெஸ்ட் வாய்ப்பு ஏன் கிடைக்கல?

1936 இங்கிலாந்து டூருக்கு மெட்ராஸில் இருந்து கோபாலன் போனார். ராம் சிங்குக்கு இடம் இல்லை. அடுத்த வாய்ப்புக்குக் காத்திருக்கலாம் என்றால், அந்த டூருக்குப் பிறகு 1946 வரை இந்தியா ஒரு டெஸ்ட் கூட ஆடவில்லை. நடுவில் இரண்டாம் உலகப் போர் வேற. ஒரு சுழற்பந்து வீச்சாளர் உச்சத்தில் இருக்கும் வயசு எல்லாம், அதாவது 26-ல் இருந்து 35 வரை, அப்படியே போய்விட்டது. மறுபடி டெஸ்ட் தொடங்கியபோது, இடது கை சுழலுக்கு வினு மன்கட் வந்துவிட்டார்.

மகன்கள் வாங்கிய தொப்பி

ஆனால் ராம் சிங் கிரிக்கெட்டை விடவில்லை. பயிற்சியாளர் ஆனார். வீட்டிலேயே இருவர் தயாரானார்கள். மகன் கிருபால் சிங் 1955-ல் ஹைதராபாத்தில் நியூசிலாந்துக்கு எதிராக ஆடிய முதல் டெஸ்டிலேயே சதம் அடித்தார். இன்னொரு மகன் மில்கா சிங் 1960-ல் 18 வயதிலேயே டெஸ்ட் ஆடினார். (ஓட்டப்பந்தய வீரர் மில்கா சிங் வேறு.) பேரன் அர்ஜன் கிருபால் சிங் தமிழ்நாட்டுக்காக ரஞ்சியில் முச்சதம் அடித்தவர்.

1999-ல் ராம் சிங் காலமானார். அப்பாவுக்கு கிடைக்காத இந்திய டெஸ்ட் தொப்பி, அந்த வீட்டுக்கு இரண்டு முறை வந்தது. இரண்டு தொப்பியிலும் பெயருக்கு முன்னால் அதே ஏ.ஜி. தான்.