அறிதுயிலைக் கற்க இருமுறை பயணப்பட்ட வைத்தியர்: சிக்மண்ட் பிராய்ட்

ஹிப்னோதெரபி எனப்படும் அறிதுயில் சிகிச்சையைக் கற்றுத் தருவதாகச் சொல்லும் விளம்பரங்கள் இன்று கைத்தொலைபேசியைத் திறந்தாலே வந்து விழுகின்றன. இரண்டு நாள் பயிற்சி, இணையவழிப் பாடநெறி, முடிவில் ஒரு சான்றிதழ். யுத்தத்தால் மனம் உடைந்தவர்கள் நிறைந்த எங்கள் ஊர்களில், இதைக் கற்றால் நாலு பேருக்கு உதவலாமே என்று எண்ணும் இளையவர்கள் இருக்கிறார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் யாரிடம் கற்பது? நல்ல ஆசிரியரை எப்படி அடையாளம் காண்பது?

இந்தக் கேள்வி புதிதல்ல. ஏறத்தாழ 140 ஆண்டுகளுக்கு முன்னர் வியன்னாவில் ஓர் இளம் வைத்தியர் இதே கேள்வியோடு நின்றார். அவர் பெயர் சிக்மண்ட் பிராய்ட். கனவுகளை ஆராய்ந்தவர், நோயாளரைப் படுக்க வைத்துப் பேசவிட்டவர் என்று உலகம் அறிந்த அவர், அதற்கு முன்னர் எட்டொன்பது ஆண்டுகள் அறிதுயிலைப் பயன்படுத்தியே சிகிச்சை செய்தார் என்பது பலருக்குத் தெரியாது. அதை அவர் எங்கே கற்றார், ஏன் கைவிட்டார் என்ற கதை இன்றைக்கும் எங்களுக்குப் பயன்படும்.

ஒரு புலமைப்பரிசில்

பிராய்ட் 1856 மே 6 அன்று, இன்றைய செக் குடியரசில் உள்ள ஒரு சிறு நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை கம்பளி வியாபாரி. வியாபாரம் நொடிந்து போக, குடும்பம் வியன்னாவுக்கு இடம்பெயர்ந்தது. அங்கே மருத்துவம் படித்து 1881இல் பட்டம் பெற்ற பிராய்ட், ஆய்வுகூடத்திலேயே வாழ்நாளைக் கழிக்க விரும்பினார். ஆனால் கையில் காசில்லை. காதலித்த மார்த்தாவை மணமுடிக்க வருமானம் வேண்டும். ஆசிரியரின் அறிவுரைப்படி ஆய்வுகூடத்தை விட்டு வைத்தியசாலைக்குச் சென்றார்.

அக்காலத்தில் அறிதுயில் என்பது பெரும்பாலும் மேடை வித்தை. மாணவனாக இருந்தபோது, ஹான்சன் என்ற டென்மார்க் நாட்டவர் வியன்னாவில் நடத்திய காட்சியை பிராய்ட் பார்த்திருந்தார். மேடையில் ஒருவரின் உடல் விறைத்தபோது முகம் பிணம்போல் வெளிறியதைக் கவனித்தார். இது வெறும் நடிப்பல்ல என்று அன்றே அவருக்குப் பட்டது. ஆனால் வியன்னாப் பேராசிரியர்கள் பலர் அறிதுயிலை ஏமாற்று என்றும் ஆபத்து என்றும் ஒதுக்கினர். சொந்த ஊரில் அதற்கு மதிப்பிருக்கவில்லை.

1885இல் பல்கலைக்கழகம் அவருக்கு ஒரு பயணப் புலமைப்பரிசிலை வழங்கியது. ஒக்டோபர் மாதம் பரிஸ் போய்ச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 29.

பரிஸில் ஒரு பெரிய மனிதர்

சால்பெத்ரியர் வைத்தியசாலையில் ஜீன் மார்ட்டின் சார்க்கோ என்ற நரம்பியல் பேராசிரியர் கோலோச்சிக்கொண்டிருந்தார். அவருடைய விரிவுரைகளுக்கு வைத்தியர்களோடு எழுத்தாளர்களும் நடிகர்களும் திரண்டு வந்தார்கள். ரயில் விபத்திலோ வேலைத்தலத்திலோ அதிர்ச்சிக்குள்ளான ஆண்களை அவர் சபை முன் நிறுத்துவார். காயம் எதுவும் இருக்காது. ஆனால் கை அசையாது. அதே வகையான முடக்கத்தை, அறிதுயிலில் ஆழ்ந்த இன்னொருவரிடம் வெறும் சொல்லாலேயே உண்டாக்கிக் காட்டுவார். உடலில் புண் இல்லாமலே மனத்தின் அதிர்ச்சி ஒருவரை முடமாக்கும் என்பது பிராய்டுக்குப் பெரும் திறப்பாக இருந்தது. ஷெல் விழுந்த இடத்திலிருந்து கீறலும் இல்லாமல் தப்பியவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்பதைக் கண்டவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது.

பிராய்ட் அந்த ஆசிரியரிடம் மனதைப் பறிகொடுத்தார். சார்க்கோவின் விரிவுரைகளை ஜேர்மன் மொழியில் பெயர்த்தார். பின்னர் தன் மூத்த மகனுக்கு அவர் பெயரையே வைத்தார். சார்க்கோ விரிவுரை நிகழ்த்தும் ஓவியத்தின் பிரதி ஒன்றைக் கடைசிவரை தன் ஆலோசனை அறையில் மாட்டியிருந்தார்.

ஆனால் அந்தப் பெரிய மனிதரின் கொள்கையில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. ஹிஸ்டீரியா நோயாளரிடம் மட்டுமே உண்மையான அறிதுயில் உண்டாகும், அது ஒரு நோய் நிலை, அதற்கு மூன்று கட்டங்கள் உண்டு என்று சார்க்கோ கற்பித்தார். அவர் காட்டிய நோயாளரோ அதே வைத்தியசாலையில் நீண்ட காலம் வாழ்ந்து, உதவியாளர்களால் திரும்பத் திரும்ப அறிதுயிலுக்குப் பழக்கப்பட்டவர்கள். தங்களிடம் எதை எதிர்பார்க்கிறார்கள் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். ஆசிரியர் எதிர்பார்த்தது மேடையில் நடந்தது. மேலும், அங்கே காட்டப்பட்டது பெரும்பாலும் நோயின் விளக்கமே. குணமாக்கும் வழியை பிராய்ட் அங்கு கற்கவில்லை.

நான்சியில் ஒரு நாட்டுப்புற வைத்தியர்

1886இல் வியன்னா திரும்பிய பிராய்ட் தனியாகத் தொழில் தொடங்கினார். நரம்புத் தளர்ச்சி என்று வந்தவர்களுக்கு அக்கால வழக்கப்படி மெல்லிய மின்சாரம் பாய்ச்சினார், நீர்ச் சிகிச்சைக்கு அனுப்பினார். பயன் தெரியவில்லை. 1887 டிசம்பரில் அறிதுயிலுக்கு மாறினார். நோயாளரை ஆழ்த்தி, உனக்கு இனி இந்த வலி இல்லை என்று சொல்லும் நேரடி முறை அது.

சில நேரம் அது நன்றாகவே பலித்தது. பிள்ளைக்குப் பால் கொடுக்க முடியாமல் தவித்த தாய் ஒருவரைச் சில அமர்வுகளில் குணமாக்கியதை அவர் எழுதியிருக்கிறார். அடுத்த பிள்ளைக்கும் அதே தொல்லை வந்து, மறுபடியும் குணமாயிற்று. ஆனால் தன் முழு மனவலிமையாலும் முடியாததை இன்னொருவரின் சொல் செய்துவிட்டதே என்று அந்தப் பெண் வெட்கப்பட்டிருந்தார். உதவி பெறுபவரின் மானமும் சிகிச்சையின் ஒரு பகுதி என்பதை பிராய்ட் அங்கே கண்டார்.

ஆனால் எல்லோரையும் ஆழ்த்த அவரால் முடியவில்லை. குறை தன் திறமையிலா, முறையிலா என்று அவருக்கு விளங்கவில்லை. இந்நிலையில்தான் கிழக்குப் பிரான்ஸில் உள்ள நான்சி நகரத்தவர்கள் சார்க்கோவை எதிர்த்து எழுதியவை அவர் கண்ணில் பட்டன. அங்கே லியேபோ என்ற வைத்தியர், ஏழை விவசாயிகளையும் தொழிலாளர்களையும் அறிதுயிலால் இலவசமாகப் பார்த்து வந்தார். 1866இல் அவர் வெளியிட்ட நூலை அப்போது யாரும் பொருட்படுத்தவில்லை. 1882இல் பல்கலைக்கழகப் பேராசிரியரான பேர்ன்ஹைம் அவரைத் தேடிப் போய்ப் பார்த்தார், நம்பினார், அவரிடம் கற்றார். அறிதுயில் நோயல்ல, எவருக்கும் வரக்கூடியது, அதன் அடிப்படை கருத்தூட்டல் என்பதே நான்சிக்காரர்களின் நிலைப்பாடு.

பேர்ன்ஹைமின் நூலையும் 1888இல் பிராய்டே மொழிபெயர்த்தார். முன்னுரையில் பழைய ஆசிரியரை முற்றாக விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. ஆனாலும் 1889 கோடையில், ஏற்கெனவே தொழில் செய்துகொண்டிருந்த 33 வயது வைத்தியர், மாணவனைப்போல் நான்சிக்குப் போனார். தன்னால் ஆழமாக ஆழ்த்த முடியாத நோயாளர் ஒருவரையும் உடன் வருவித்தார்.

பேர்ன்ஹைம் பலமுறை முயன்றார். அவராலும் முடியவில்லை. தன் பெரிய வெற்றிகளெல்லாம் வைத்தியசாலை நோயாளரிடம் கிடைத்தவை, தனியார் நோயாளரிடம் அப்படி அமைவதில்லை என்று அவர் ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டார். பரிஸில் வெற்றியை மட்டுமே பார்த்த பிராய்டுக்கு, தோல்வியை மறைக்காத ஆசிரியர் இங்கே கிடைத்தார். பின்னாளில், மருத்துவ வரலாறும் பரிஸைவிட நான்சியின் பக்கமே சாய்ந்தது.

கைவிட்ட காரணம்

பிறகு பிராய்ட், தன் மூத்த நண்பர் புரோயர் கண்ட வழியைப் பின்பற்றினார். அறிதுயிலில் கட்டளை இடுவதை விட்டு, நோய் எப்போது தொடங்கியது என்று கேட்டு, நோயாளரைப் பேசவிட்டார். இருவரும் சேர்ந்து 1895இல் ஒரு நூல் வெளியிட்டனர். அதற்குள்ளேயே அவர் அறிதுயிலை மெல்ல விடத் தொடங்கியிருந்தார். நோயாளரின் தலையில் கைவைத்து அழுத்தி, நினைவு வரும், சொல்லுங்கள் என்று வற்புறுத்தும் முறைக்கு மாறினார். பிறகு அதையும் விட்டார்.

காரணங்கள் மூன்று. எல்லோரும் ஆழ்வதில்லை. கிடைத்த குணம் பலரிடம் நிலைப்பதில்லை. வைத்தியருடனான உறவு கெட்டால் நோய் திரும்பி வந்தது. மூன்றாவது, அறிதுயிலில் இருப்பவர் வைத்தியருடன் கொள்ளும் பிணைப்பு மிக வலிமையானது. ஒருமுறை கண்விழித்த நோயாளர் ஒருவர் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டார். இது தன் அழகால் வந்ததல்ல, இந்தச் சிகிச்சைக்குள்ளேயே ஒளிந்திருக்கும் ஒரு சக்தி என்று பிராய்ட் விளங்கிக்கொண்டார்.

இன்னொரு பிழையையும் அவர் செய்தார். 1896இல், தன் நோயாளர்களின் துன்பத்துக்கெல்லாம் சிறுவயதில் நேர்ந்த பாலியல் கொடுமையே காரணம் என்று அறிவித்தார். அடுத்த ஆண்டே அதில் நம்பிக்கை இழந்தார். அந்தக் கதைகளில் சிலவற்றைத் தன் வற்புறுத்தலே அவர்கள் மேல் திணித்திருக்கலாம் என்று பல ஆண்டுகளுக்குப் பின் எழுதினார். அப்படியான கொடுமைகள் மெய்யாகவே நடப்பவை என்பதால், அவர் பின்வாங்கியது சரியா என்ற விவாதம் இன்றும் தொடர்கிறது. எந்தப் பக்கம் நின்றாலும் ஒன்று தெளிவு: கண்ணை மூடியிருப்பவரிடம் கேட்கும் கேள்வியே பதிலை உருவாக்கிவிடக்கூடும்.

யுத்தம் வந்தபோது

முதலாம் உலகப்போரில் பிராய்டின் மூன்று மகன்களும் இராணுவப் பணியில் இருந்தார்கள். போர்முனையிலிருந்து நடுங்கும் உடலோடும் பேச்சிழந்தும் ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் திரும்பினர். பல இராணுவ வைத்தியர்கள் அவர்களுக்கு வலிதரும் மின்சாரம் பாய்ச்சினர். எர்ன்ஸ்ட் சிம்மெல் என்ற ஜேர்மன் வைத்தியரோ அறிதுயிலையும் பேசவிடும் முறையையும் சேர்த்துப் பயன்படுத்தினார். 1918 செப்டெம்பரில் புடாபெஸ்ட்டில் நடந்த மாநாட்டில் பிராய்ட் பேசினார். ஏழைகளுக்கும் இலவச உளச் சிகிச்சை கிடைக்கும் காலம் வரும் என்றும், பெருந்தொகையான மக்களுக்கு உதவ வேண்டியிருந்தால் அறிதுயிலையும் மறுபடி சேர்த்துக்கொள்ள நேரலாம் என்றும் சொன்னார். தான் கைவிட்ட கருவியை அவர் இழிவுபடுத்தவில்லை.

1920இல், மின்சாரச் சிகிச்சை பற்றி விசாரித்த குழு அவரிடம் கருத்துக் கேட்டது. குற்றஞ்சாட்டப்பட்ட வைத்தியர் தனிப்பட்ட முறையில் கொடியவரல்ல என்றார் பிராய்ட். ஆனால் அந்தச் சிகிச்சையின் நோக்கம் மனிதனைக் குணமாக்குவதல்ல, அவனை மீண்டும் போர்முனைக்கு அனுப்புவதே என்பதையும் சுட்டிக்காட்டினார். வைத்தியர் விடுவிக்கப்பட்டார். சிகிச்சை யாருக்காக, நோயாளருக்காகவா அவரை அனுப்பியவருக்காகவா என்ற அந்தக் கேள்வி மட்டும் நின்றுவிட்டது.

யார் சிகிச்சை செய்யலாம்?

அதே 1920இல் பேர்லினில், பிராய்டின் மாணவர்கள் வசதியற்றவர்களுக்கு இலவசமாகவும் சிகிச்சை தரும் நிலையம் ஒன்றைத் திறந்தார்கள். அங்கே பயிற்சிக்கு மூன்று தூண்கள் வகுக்கப்பட்டன. கற்பவர் முதலில் தானே அந்தச் சிகிச்சைக்கு உட்பட வேண்டும். கோட்பாட்டைப் படிக்க வேண்டும். அனுபவசாலி ஒருவரின் மேற்பார்வையில் மெய்யான நோயாளரைப் பார்க்க வேண்டும். இந்த அமைப்பு இன்றும் பல நாடுகளில் பின்பற்றப்படுகிறது.

வியன்னாவில், மருத்துவப் பட்டமில்லாத தியோடர் ரைக் என்ற மாணவர் மேல் போலி வைத்தியர் என்று குற்றம் சாட்டப்பட்டபோது, பிராய்ட் 1926இல் ஒரு நூலே எழுதினார். பட்டம் இல்லாதவர் எல்லோரும் போலியல்ல, இந்தத் தொழிலில் முறையான பயிற்சி இல்லாமல் இறங்குபவரே போலி, அவர் வைத்தியராக இருந்தாலும் போலிதான் என்பது அவர் வாதம். வழக்கு கைவிடப்பட்டது.

1938இல் நாஜிகள் ஒஸ்திரியாவைக் கைப்பற்ற, 82 வயதில், தாடைப் புற்றுநோயோடு, பிராய்ட் அகதியாக லண்டன் சென்றார். வியன்னாவில் தங்கிவிட்ட நான்கு சகோதரிகள் பின்னர் நாஜிகளின் பிடியில் மாண்டார்கள். 1939 செப்டெம்பர் 23 அன்று, இரண்டாம் உலகப்போர் தொடங்கி மூன்று வாரங்களில், அவர் காலமானார். நோயாளரைப் படுக்கவைத்துத் தான் பின்னால் அமரும் பழக்கம் மட்டும், அறிதுயில் காலத்தின் எச்சமாகக் கடைசிவரை அவரிடம் இருந்தது.

இன்று ஒரு பயிற்சிநெறியில் சேர எண்ணுபவர் சான்றிதழைப் பார்க்கும் முன்னர் சிலவற்றைக் கேட்கலாம். இந்த முறை எங்கே பலிக்காது என்று ஆசிரியர் சொல்கிறாரா? மேற்பார்வையில் மெய்யான நோயாளரைப் பார்க்கும் வாய்ப்பு உண்டா? நான் முதலில் அந்தக் கதிரையில் அமர வேண்டியிருக்குமா? என்னால் தாங்க முடியாத ஒன்று வெளியே வந்தால் யாரிடம் அனுப்புவது என்று கற்றுத் தருகிறார்களா? இவற்றுக்குப் பதில் இல்லாத இடத்தில் கட்டும் பணமும் வீண், பெறும் சான்றிதழும் வீண்.

பிள்ளையை இழந்த தாய் ஒருவர் உங்களை நம்பிக் கண்ணை மூடும்போது, சுவரில் தொங்கும் சான்றிதழ் அவருக்குத் தெரியாது. உங்கள் குரல் மட்டுமே கேட்கும். அந்தக் குரலில் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று கற்பதற்குத்தான் பிராய்ட் இருமுறை பயணப்பட்டார்.