வள்ளல் பச்சையப்ப முதலியார்

1754ஆம் ஆண்டு பிறந்த வள்ளல் பச்சையப்ப முதலியார் தந்தையின் முகம் கண்டதில்லை. கைம்பெண்ணான தாயார் வறுமையோடு போராடி வளர்த்த அப்பிள்ளையை, சென்னையில் ஆங்கிலேயரிடம் துபாஷியாக விளங்கிய பவுனி நாராயண பிள்ளை ஆதரித்து, கணக்கும் வாணிபமும் பயிற்றுவித்தார். பின்னர் அவரும் துபாஷியாகிப் பெருஞ்செல்வம் ஈட்டினார். சிதம்பரம் கிழக்குக் கோபுரத் திருப்பணி இன்றும் அவர் பெயரைச் சொல்லும்.

1794இல் திருவையாற்றில் மறைவதற்குச் சில நாட்களுக்கு முன், தம் பொருளை ஆலய வழிபாட்டுக்கும் அறப்பணிகளுக்கும் உயில் எழுதிவைத்தார். அந்தோ! கொடுத்தவர் இருந்தார், காத்தவர் அரியர். அறப்பணம் வழக்குகளில் சிக்கி ஏறக்குறைய அரை நூற்றாண்டு முடங்கிற்று. அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டனின் முயற்சியால் மீண்டபோது வட்டியே பெருந்தொகையாகியிருந்தது. ஆலயங்களுக்குரியது போக எஞ்சியதைக்கொண்டு 1842இல் சென்னையில் ஏழைப் பிள்ளைகளுக்காகத் திறந்த பள்ளியே பின்னாளில் பச்சையப்பன் கல்லூரியாக வளர்ந்தது.