வெற்றிக்கு உரியவர், விருந்துக்கு ஆகாதவர்: ஏர்னி டேவிஸ்

விளையாட்டில் நிறவெறியைச் சந்தித்தவர்கள் என்றதும் நாம் முதலில் சொல்வது முஹம்மது அலியின் பெயரைத்தான். அவரை விட இரண்டு வயது மூத்தவரான ஏர்னி டேவிஸை நம்மில் பலர் அறியமாட்டார்கள். அவரது வாழ்க்கையை வாசித்த நாளிலிருந்து ஒரு காட்சி என் மனதை விட்டு அகலவில்லை.

1939 டிசம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்த டேவிஸ், தந்தையின் முகத்தைக் கண்டதில்லை. நம் வழக்கில் சொன்னால் ஒரு யதீம். பாட்டனார் வீட்டில் வளர்ந்தார். பேச்சில் திக்கல் இருந்தது. 12 வயதில் நியூயோர்க் மாநிலத்தின் எல்மைரா நகரில் இருந்த தாயாரிடம் சென்றார்.

அமெரிக்கர்களின் உதைபந்தாட்டம் நம்முடையதைப் போன்றதல்ல. பந்தைக் கையில் ஏந்தி, தடுப்பவர்களை ஊடறுத்து ஓட வேண்டும். அந்த ஓட்டத்தில் டேவிஸ் தேர்ந்தவர். 1959ஆம் ஆண்டுப் பருவத்தில் அவர் ஆடிய சிரகியூஸ் பல்கலைக்கழக அணி, பயிற்றுவிப்பாளர் பென் ஷ்வார்ட்ஸ்வால்டரின் கீழ் 10 போட்டிகளிலும் தொடர்ந்து வென்று நாட்டின் முதலிடத்தைப் பிடித்தது.

பருவத்தின் கடைசிப் போட்டி 1960 ஜனவரி 1ஆம் திகதி டெக்சாஸ் மாநிலத்தின் டலஸ் நகரில் நடந்தது. நிறப் பாகுபாடு ஊறியிருந்த தென்பகுதி அது. எதிரணியான டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு கறுப்பின வீரர் கூட இல்லை. காலில் தசைப்பிடிப்பு இருந்தும், டேவிஸ் ஒரு பந்தைப் பிடித்து எல்லைக்கோடு வரை ஓடினார். அந்த நகர்வு மொத்தம் 87 யார். 23க்கு 14 என்று சிரகியூஸ் வென்றது. சிறந்த வீரர் விருதும் அவருக்கே.

அன்றிரவு விருந்து. விருதைப் பெற்றதும் மண்டபத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. அணியை வெல்ல வைத்தவருக்கு அந்த மேசையில் ஓர் இடம் இருக்கவில்லை.

1961இல் கல்லூரி வீரர்களுக்கான உயரிய ஹைஸ்மன் விருதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார். ஜனாதிபதி கென்னடி அவரைச் சந்தித்து வாழ்த்தினார். தொழில்முறை அணியான கிளீவ்லாந்து பிரவுண்ஸில் இணைந்தார். ஆனால் 1962இல் இரத்தப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அந்த அணிக்காக ஒரு போட்டியிலும் ஆடாமலே, 1963 மே 18ஆம் திகதி, 23 வயதில் மரணமானார்.

அரபிக்கு அஜமியை விடவோ, வெள்ளையருக்குக் கறுப்பரை விடவோ தக்வாவினால் அன்றி மேன்மை இல்லை என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த சமூகம் நாம். ஒரே ஸஹனைச் சுற்றி அமர்ந்து உண்பவர்கள். அப்படியிருந்தும், நம் வலீமா விருந்துகளில் வசதியானவர்களுக்கு முன்வரிசை மேசையும், சமைத்து இறக்கியவர்களுக்குப் பின்கட்டும் ஒதுக்கப்படுவதை நான் கண்டிருக்கிறேன். கண்டும் பேசாமல் சாப்பிட்டு எழுந்திருக்கிறேன்.

டலஸ் நகரத்தாரைக் குறை சொல்வது எளிது. அடுத்த விருந்தில் நம் ஸஹனில் யாரை அழைத்து உட்கார வைக்கப் போகிறோம் என்பதுதான் நமக்கான கேள்வி.