உயிர்காக்கும் பட்டிக்காகத் தன்னுடலைப் பணயம் வைத்த வைத்தியர்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் போன்வில் என்றழைக்கப்படும் பரந்த உப்பு வெளியொன்று உள்ளது. 1949 ஆம் ஆண்டு தொடக்கம், மழைநீர் தேங்கி நில்லாத ஆண்டுகளின் ஆகஸ்ட் மாதங்களில், தொழில்முறைப் பந்தயக்காரர் அல்லாத சாதாரண மனிதர்கள் அங்கு கூடுகின்றனர். தமது வீட்டுக் கொட்டில்களில் தாமே கட்டியெழுப்பிய கார்களின் அதிகூடிய வேகத்தை அளந்து பார்ப்பதே அவர்களின் நோக்கமாகும்.

அங்கு ஓட வரும் எவரும் முதலில் பரிசோதகர்களின் முன் நிற்க வேண்டும். காரின் ஒவ்வொரு பாகமும் பரிசீலிக்கப்படும். பின்னர் சாரதி தீ தாங்கும் உடை, தலைக்கவசம், கையுறை ஆகியவற்றை அணிந்து, ஆசனப் பட்டிகள் அனைத்தையும் பூட்டிய நிலையில் அமர வேண்டும். அந்நிலையிலிருந்து எவருடைய உதவியுமின்றித் தானே பட்டிகளை விடுவித்து வெளியேறிக் காட்ட வேண்டும். புதியவர் ஒருவர் முதல் நாளிலேயே தான் விரும்பிய வேகத்தில் ஓட முடியாது. குறைந்த வேகத்தில் தகுதியை நிரூபித்த பின்னரே அடுத்த படிக்கு அனுமதிக்கப்படுவார்.

இத்தகைய ஏற்பாடுகள் இளைஞர் பலருக்கு வீண் தொல்லையாகத் தோன்றுவதுண்டு. ஆனால், பட்டியால் இறுகக் கட்டப்பட்ட மனித உடல் எத்தகைய அதிர்ச்சியைத் தாங்கவல்லது என்ற அறிவு இலகுவில் கிட்டியதன்று. அதைத் தன் எலும்புகளையும் கண்களையும் பணயம் வைத்துத் தேடித் தந்தவர் ஒரு வைத்தியர். அவர் எந்தக் கார்ப் பந்தயத்திலும் புகழ் பெற்றவரல்லர். கேணல் ஜோன் போல் ஸ்டாப் என்ற அம்மனிதரின் வாழ்வு, வேகத்தை நேசிக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியதொன்றாகும்.

1910 ஆம் ஆண்டு ஜூலை 11 ஆம் திகதி பிரேசில் நாட்டின் பாகியா பிரதேசத்தில், அமெரிக்க மதப்பணியாளர் ஒருவரின் மூத்த புதல்வராக ஸ்டாப் பிறந்தார். பின்னர் டெக்ஸாஸ் மாநிலத்தில் கல்வி கற்றார். இளமையில் இலக்கியத்தில் நாட்டங்கொண்டிருந்த அவரது பாதையை ஒரு துயரச் சம்பவம் திசை திருப்பியது. 1928 ஆம் ஆண்டு நத்தார் விடுமுறையின்போது உறவினர் வீட்டுக் குழந்தையொன்று தவழ்ந்து சென்று கணப்படுப்பின் தீயில் சிக்கிக் கடும் தீக்காயமடைந்தது. அக்குழந்தையைக் காப்பாற்ற முயன்றவர்களுள் ஸ்டாப்பும் ஒருவர். ஆயினும் மூன்று நாட்களுக்குள் அக்குழந்தை உயிரிழந்தது. தான் ஒரு வைத்தியராக வேண்டுமென்ற உறுதி அன்றுதான் அவருள் பிறந்தது.

அவ்வுறுதி நிறைவேற ஏறக்குறைய 16 ஆண்டுகள் சென்றன. மருத்துவக் கல்விக்குப் பணமில்லாத காரணத்தால் ஆசிரியராகப் பணியாற்றினார். 1940 இல் உயிர்ப் பௌதிகவியலில் கலாநிதிப் பட்டமும், 1944 இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டமும் பெற்றார். அதே ஆண்டு இராணுவ விமானப் பிரிவில் வைத்தியராக இணைந்தார்.

அக்காலத்தில் விமான வடிவமைப்பாளர்களிடையே ஒரு நம்பிக்கை நிலவியது. திடீரென நிறுத்தப்படும்போது மனித உடல் தன் எடையைப் போன்று 18 மடங்கு விசைக்கு மேல் தாங்காது என்பதே அது. விமானிகளின் ஆசனங்களும் பட்டிகளும் அந்த அளவை மனதிற்கொண்டே தயாரிக்கப்பட்டன. அதற்கு மேல் மரணம் நிச்சயமென்றால் ஆசனத்தை மேலும் பலமாகச் செய்வதில் பயனில்லை என்று கருதப்பட்டது. ஆனால், இரண்டாம் உலக மகா யுத்தத்தின்போது கடும் விபத்துகளிலிருந்து விமானிகள் சிலர் உயிர் தப்பியிருந்தனர். ஆகவே அவர்களைக் கொன்றது விசையா, அன்றி அறுந்துபோன பட்டியும் பிய்ந்துபோன ஆசனமுமா என்ற கேள்வி எழுந்தது.

இதற்கு விடை காண 1947 ஆம் ஆண்டு ஸ்டாப், கலிபோர்னியாவின் மூரொக் என்ற வறண்ட ஏரிப் படுகைக்கு அனுப்பப்பட்டார். யுத்தத்துக்கு முன்னர், 1930 களில், இதே படுகையில்தான் கலிபோர்னியாவின் இளைஞர்கள் தமது பழைய கார்களைத் திருத்தியமைத்து வேகப் பந்தயங்களில் ஈடுபட்டிருந்தனர். பின்னர் அந்நிலம் முற்றாக இராணுவத்தின் வசமானது. பந்தயக்காரர்கள் விட்டுச் சென்ற படுகையிலேயே, பிற்காலத்தில் அவர்களைக் காக்கப்போகும் அறிவும் தேடப்பட்டது.

அங்கு 2000 அடி நீளமான தண்டவாளத்தின் மீது ரொக்கட்டுகளால் உந்தப்படும் சறுக்கு வண்டியொன்று ஓடியது. இறுதியில் பலம் வாய்ந்த தடுப்புகள் அதைக் கணப்பொழுதில் நிறுத்தின. முதலில் மனித உருவப் பொம்மையொன்றே அமர்த்தப்பட்டது. ஒரு சோதனையில் இலேசான பட்டி மாத்திரம் கட்டப்பட்டிருந்த அப்பொம்மை, முன்னாலிருந்த மரத் தடுப்பைப் பிளந்துகொண்டு பறந்து ஏறக்குறைய 700 அடிக்கு அப்பால் விழுந்தது. பலவீனமான பட்டி, பட்டியே இல்லாமைக்குச் சமம் என்பதை அக்காட்சி உணர்த்தியது.

பல மாதங்கள் பொம்மையைக் கொண்டு சோதித்த பின்னர், 1947 டிசம்பர் மாதத்தில் ஸ்டாப் தானே அவ்வண்டியில் ஏறினார். பிறிதொருவரை ஆபத்துக்கு அனுப்ப அவரது மனம் இடந்தரவில்லை. எனினும் அவர் கண்மூடித்தனமாகப் பாயவில்லை. முதலாவது ஓட்டத்தில் முதுகு முன்புறம் நோக்கியவாறு அமர்ந்து, ஒரேயொரு ரொக்கட்டின் விசையில் மணிக்கு ஏறக்குறைய 145 கிலோமீற்றர் வேகத்தையே எட்டினார். பின்னரே படிப்படியாக விசையைக் கூட்டினார். 1948 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்துக்குள் 16 தடவைகள் ஓடி, 35 மடங்கு விசை வரை தாங்கிக் காட்டினார். 18 மடங்கு என்ற எல்லைக் கோடு அழிந்து போனது.

அதற்கு அவர் கொடுத்த விலை சிறிதல்ல. விலா எலும்புகளில் வெடிப்பு ஏற்பட்டது. மணிக்கட்டு இரு தடவைகள் முறிந்தது. பற்களின் அடைப்புகள் கழன்று விழுந்தன. கண்ணின் விழித்திரையில் இரத்தம் கசிந்தது. மேலதிகாரிகள் தயங்கித் தடுத்தபோதும் அவர் ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. ஓய்வு நேரங்களில் அப்பாலைவனத் தளத்தில் வசித்த படையினரின் குடும்பங்களுக்கு வைத்தியமும் பார்த்தார்.

இச்சோதனைகளின் பயனாக ஒரு தெளிவு பிறந்தது. உடலைக் கொல்வது வேகமன்று. உடல் எவ்வாறு நிறுத்தப்படுகின்றது என்பதே உயிரையும் மரணத்தையும் தீர்மானிக்கின்றது. அகலமான, உறுதியான பட்டிகள் தோள்கள், இடுப்பு, தொடைகள் ஆகியவற்றை ஆசனத்தோடு இறுகப் பிணைத்தால் விசை பலமான எலும்புகளின் மீது பரவுகின்றது. பட்டி தளர்ந்திருந்தாலோ, இடுப்பெலும்பில் தங்காது வயிற்றின் மீது ஏறியிருந்தாலோ, காப்பாற்ற வேண்டிய பட்டியே உள்ளுறுப்புகளைச் சிதைத்துவிடக்கூடும். உடல் கீழ்நோக்கி வழுகாதவாறு கால்களுக்கிடையே செல்லும் பட்டியின் தேவையும் இவ்விதமே உணரப்பட்டது.

இக்காலத்தில் நிகழ்ந்த இன்னொரு சம்பவம் உலகப் பிரசித்தி பெற்றது. 1949 ஆம் ஆண்டு எட்வேர்ட் மேர்பி என்ற பொறியியலாளர், பட்டிகளின் மீதான விசையை அளக்கும் கருவிகளைக் கொண்டு வந்தார். ஓட்டம் முடிந்தபின் பார்த்தபோது கருவிகள் எதனையும் பதிவு செய்திருக்கவில்லை. அவை ஒவ்வொன்றையும் இரு விதமாகப் பொருத்த முடியும் என்ற நிலையில், அனைத்தும் பிழையான விதத்திலேயே பொருத்தப்பட்டிருந்தன. பிழையாகச் செய்யக்கூடிய எதுவும் ஒருநாள் பிழையாகவே செய்யப்படும் என்ற மேர்பியின் விதி இதிலிருந்தே தோன்றியது. அதன் சொல் வடிவம் பற்றிப் பல கதைகள் உண்டு. ஆயினும் ஸ்டாப் அதை விரக்தியின் வாசகமாகக் கொள்ளவில்லை. இத்தனை ஆபத்தான சோதனைகளில் எவரும் உயிரிழக்காமைக்கான காரணத்தை ஊடகவியலாளர்கள் வினவியபோது, தவறக்கூடிய அனைத்தையும் முன்கூட்டியே எண்ணிப் பார்த்துச் சரிசெய்வதே காரணம் என்னும் பொருள்பட அவர் பதிலளித்தார்.

1953 இல் அவர் நியூ மெக்சிக்கோவின் ஹொலமன் விமானப்படைத் தளத்துக்கு மாற்றப்பட்டார். அங்குதான் அவரது இறுதியானதும் கொடியதுமான ஓட்டம் நிகழ்ந்தது. பார்வை பறிபோகலாம் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். எனவே விளக்குகளை அணைத்துவிட்டு, இருளில் உடை அணியவும் களையவும் முன்கூட்டியே பழகிக்கொண்டார். 1954 டிசம்பர் 10 ஆம் திகதி ஒன்பது ரொக்கட்டுகள் பற்றவைக்கப்பட்டன. ஐந்து விநாடிகளில் வண்டி மணிக்கு 1017 கிலோமீற்றர் வேகத்தை எட்டியது. அடுத்த 1.4 விநாடிகளில் அது நின்றுவிட்டது. அத்தருணத்தில் அவரது உடல் தன் எடையைப் போன்று 46.2 மடங்கு விசையைத் தாங்கியது. 76 கிலோ எடையுள்ள மனிதரொருவர் கணப்பொழுதுக்கு மூன்றரைத் தொன் பாரமானார் எனலாம்.

கண்களின் இரத்தக் குழாய்கள் வெடித்து, பார்வை இழந்த நிலையிலேயே அவர் வண்டியிலிருந்து இறக்கப்பட்டார். எனினும் அன்றைய தினமே பார்வை மெல்ல மெல்லத் திரும்பியது. பூமியின் மீது அதிவேகமாகச் சென்ற மனிதர் என அவர் புகழப்பட்டார். 1955 செப்டெம்பரில் டைம் சஞ்சிகையின் அட்டையில் அவரது உருவம் வெளியானது.

அப்புகழை அவர் தனக்காகப் பயன்படுத்திக் கொள்ளவில்லை. விமானப்படையினர் விமான விபத்துகளைவிட வீதி விபத்துகளிலேயே அதிகம் மாண்டு வந்தமை அவரை உறுத்திற்று. விமானத்தில் தன்னை இறுகக் கட்டிக்கொள்ளும் வீரன், காரில் ஏறியதும் எவ்விதப் பட்டியுமின்றிச் சென்றான். ஏனெனில் அந்நாட்களில் பெரும்பாலான கார்களில் பட்டியே இருக்கவில்லை. ஆகவே ஸ்டாப் பழைய கார்களில் பொம்மைகளை அமர்த்தி மோதவிட்டுச் சோதித்தார். கார்கள் விமானப்படையின் வேலையன்று என எழுந்த எதிர்ப்பையும் சமாளித்தார். 1955 மே மாதத்தில் கார் உற்பத்தித்துறைப் பொறியியலாளர்களையும் மருத்துவ ஆய்வாளர்களையும் ஹொலமன் தளத்துக்கு அழைத்து மாநாடொன்றை நடத்தினார். அவரது பெயரைத் தாங்கிய அந்த மாநாடு இன்றுவரை தொடர்கின்றது. 1966 செப்டெம்பர் 9 ஆம் திகதி ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் கையொப்பமிட்டபோது ஸ்டாப்பும் அங்கிருந்தார். 1968 முதல் அமெரிக்காவில் புதிய கார்களில் ஆசனப் பட்டி பொருத்துவது கட்டாயமாயிற்று.

பந்தயத் திடல்களில் இந்த அறிவு வேரூன்றவும் காலம் பிடித்தது. விபத்தின்போது காரிலிருந்து தூக்கி வீசப்படுவதே தீயிலிருந்து தப்பும் வழி எனப் பந்தயச் சாரதிகள் பலர் நெடுங்காலம் நம்பியிருந்தனர். 1972 இல்தான் பார்முலா 1 பந்தயங்களில் ஆறு முனைப் பட்டி கட்டாயமாக்கப்பட்டது. பட்டி உடலை நிறுத்திவிட, கட்டப்படாத தலை முன்னோக்கிப் பாய்வதால் மண்டையோட்டின் அடிப்பகுதி முறியும் ஆபத்து எஞ்சியிருந்தது. அதற்குத் தீர்வாக 1980 களில் தலைக்கவசத்தைத் தோள்களோடு இணைக்கும் கழுத்துக் காப்பு உருவாக்கப்பட்டது. பல உயிர்கள் பலியான பின்னரே அதுவும் பரவலாக ஏற்கப்பட்டது.

தொழில்முறைச் சாரதிக்குப் பொறியியலாளர் குழுவும் வைத்தியரும் அருகிலிருப்பர். பொழுதுபோக்காக ஓடுபவனுக்கு அவன் செய்துகொள்ளும் ஆயத்தமே காவல். ஆகவேதான் விதிகள் சிறிய விடயங்களையும் கவனிக்கின்றன. மோட்டார் சைக்கிளுக்கான தலைக்கவசம் தீயைத் தாங்குமாறு சோதிக்கப்பட்டதன்று. கார்ப் பந்தயத்துக்கென அத்தாட்சிப்படுத்தப்பட்டதே வேண்டும். அதுவும் ஒருமுறை பலமாக மோதியிருப்பின் கைவிடப்பட வேண்டும். வெயிலில் கிடந்த பட்டி பார்வைக்குப் புதிதாகத் தெரிந்தாலும் உள்ளே வலுவிழந்திருக்கலாம். அதனால் பட்டிகளுக்குக் காலாவதித் திகதியுண்டு; அமெரிக்க நியமமொன்றின்படி அது உற்பத்தியிலிருந்து இரண்டு ஆண்டுகளே. நைலோன் உள்ளாடை தீயில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் பருத்தியோ தீ தாங்கும் துணியோதான் அணிய வேண்டும். பழைய டயர், இறுக்கப்படாத சில்லு ஆணி, கட்டப்படாத பற்றரி, ஆசனத்தின் கீழ் மறந்துபோன சாவி ஆகிய எதுவும் அலட்சியத்துக்குரியதன்று. மேர்பியின் விதி அவை ஒவ்வொன்றிலும் காத்திருக்கின்றது.

ஸ்டாப் 1970 ஆம் ஆண்டு விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்றார். 1999 நவம்பர் 13 ஆம் திகதி நியூ மெக்சிக்கோவின் அலமொகோர்டோ நகரிலுள்ள தனது இல்லத்தில், 89 ஆவது வயதில் அமைதியாகக் காலமானார். 29 தடவைகள் ரொக்கட் வண்டியில் ஏறிய அம்மனிதர் முதுமை எய்தி இயற்கை மரணம் அடைந்ததே, அவர் போதித்த முன்னாயத்தத்துக்குச் சிறந்த சான்றாகும்.

வேகத்தின் மீதான இளைஞரின் மோகம் எந்த நாட்டிலும் அணைந்துவிடப் போவதில்லை. ஆனால் உரிய திடலும் விதிகளும் காப்புச் சாதனங்களுமின்றிப் பொது வீதியில் காட்டப்படும் வேகம் வீரமாகாது. அது தன் உயிரோடு வழிப்போக்கரின் உயிரையும் சூதாடுவதாகும். அச்சமற்றவர் என உலகமே போற்றிய ஸ்டாப், ஓடுவதற்கு முன் இருட்டறையில் அமர்ந்து சட்டைப் பொத்தானைத் தடவித் தடவிப் பூட்டிப் பழகினார். பட்டியைப் பூட்டுவது கோழைத்தனம் என்றெண்ணும் இளைஞன் அந்த இருட்டறையை ஒரு கணம் நினைத்துப் பார்ப்பானாக.