சிக்கனத்துக்குத் தண்டனை கூடாது

எங்கள் தம்மம்பட்டியில் மரச்சிற்பத் தொழில் செய்யும் அன்பர் ஒருவர் அண்மையில் ஓர் ஐயத்துடன் என்னிடம் வந்தார். அவருக்கு வயது நாற்பது. அடல் ஓய்வூதியத் திட்டத்தில் சேர அதுவே கடைசி வயது என்று வங்கியில் சொல்லியிருக்கிறார்கள். மாதந்தோறும் பணம் கட்டி, அறுபது வயதில் ஓய்வூதியம் பெறத் தொடங்கினால், தம் தாயார் இப்போது பெறுகின்ற முதியோர் உதவித்தொகை பிற்காலத்தில் தமக்குக் கிடைக்காமல் போய்விடாதா என்பது அவருடைய கேள்வி. கல்லூரியில் பல்லாண்டுகள் பொருளாதாரம் கற்பித்த என்னால் உடனே விடை கூற முடியவில்லை.

அவர் சென்ற பிறகு, இதே கேள்வியுடன் வாழ்நாள் முழுவதும் போராடிய ஒருவரின் வரலாறு நினைவுக்கு வந்தது. அவர் வில்லியம் பெவரிட்ஜ். பிரிட்டனின் மக்கள்நல அரசுக்கு அடித்தளமிட்டவர் என உலகம் அறிந்த அவர், பிறந்தது நம் துணைக்கண்டத்தில்தான். இன்று வங்கதேசத்தில் உள்ள ரங்கபூரில் 1879 மார்ச் 5 அன்று பிறந்தார். தந்தை ஹென்றி, இந்திய ஆட்சிப் பணியில் நீதிபதியாக இருந்தவர். அக்பர்நாமாவை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். தாய் அனெட், பெண்கல்விக்காக இந்தியா வந்தவர், பாபர்நாமாவை மொழிபெயர்த்தவர்.

ஆக்ஸ்ஃபோர்டில் பயின்ற பெவரிட்ஜ், 1903-ஆம் ஆண்டு லண்டனின் கிழக்குப் பகுதியில் ஏழைகளிடையே பணியாற்றிய டாயின்பி ஹாலில் சேர்ந்தார். அன்றாடம் வேலை கிடைக்குமா என்று தெரியாமல் துறைமுக வாயிலில் காத்திருந்த தொழிலாளர்களை அங்கே கண்டார். சோம்பல் அல்ல, தொழில் அமைப்பின் குறையே வறுமைக்குக் காரணம் என்னும் முடிவுக்கு வந்தார். 1907-இல் ஜெர்மனி சென்று, தொழிலாளரும் முதலாளியும் பணம் செலுத்தும் சமூகக் காப்பீட்டு முறையை நேரில் ஆராய்ந்தார்.

அடுத்த ஆண்டே பிரிட்டன் முதியோர் ஓய்வூதியச் சட்டத்தை இயற்றியது. 70 வயது நிறைந்த ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங். ஆண்டு வருவாய் 21 பவுனுக்குள் இருந்தால் முழுத்தொகை. அதற்குமேல் வருவாய் ஏற ஏற உதவி குறையும். 31 பவுன் 10 ஷில்லிங்கைத் தாண்டினால் ஒன்றுமில்லை. உழைத்த காலத்தில் சிறுகச் சிறுகச் சேமித்து ஆண்டுக்கு ஒரு சிறு வருவாயை ஏற்படுத்திக்கொண்டவர், அந்தச் சேமிப்பின் காரணமாகவே அரசின் உதவியை இழந்தார். எதுவுமே சேர்க்காத அண்டைவீட்டாரோ முழு உதவியும் பெற்றார். இதையே பெவரிட்ஜ் குறையாகக் கண்டார். தம் பங்கைச் செலுத்தியவர் உரிமையோடு பெற வேண்டும். வருவாய்ச் சோதனைக்குத் தலைகுனியக் கூடாது என்பது அவர் கொள்கை.

1930-களில் நிலைமை மேலும் கசந்தது. வேலையற்றோர் உதவிக்குக் குடும்பம் முழுவதன் வருவாயும் கணக்கிடப்பட்டது. மகன் சம்பாதித்தால் தந்தையின் உதவி குறைந்தது. அதனால் பிள்ளைகள் வீட்டைவிட்டு வெளியேறிய குடும்பங்கள் பல.

1919 முதல் 1937 வரை லண்டன் பொருளியல் பள்ளியின் இயக்குநராக இருந்த பெவரிட்ஜ், எளிதில் பழகக்கூடியவர் அல்லர். தம் அறிவில் அளவுகடந்த நம்பிக்கை. உடன் பணியாற்றுவோரிடம் கடுமை. 1941-இல் தொழிலாளர் அமைச்சகத்திலிருந்து அவரை அகற்றினால் போதும் என்ற எண்ணத்தோடுதான் சமூகக் காப்பீட்டுக் குழுவின் தலைமை அவருக்குத் தரப்பட்டது. ஒதுக்கிவைக்கக் கொடுத்த அந்தப் பணியே அவரை வரலாற்றில் நிறுத்தியது.

1942 டிசம்பரில் வெளியான அவரது அறிக்கை, போர்க்காலத்திலும் லட்சக்கணக்கில் விற்றது. அதன் சாரம் எளிது. அனைவரும் ஒரே அளவில் பங்களிக்க வேண்டும். அனைவருக்கும் வாழ்வதற்குப் போதுமான அடிப்படைத் தொகை சோதனையின்றிக் கிடைக்க வேண்டும். அதற்குமேல் ஒருவர் தாமே சேமிப்பது அவருக்கே சொந்தம். அரசு கட்ட வேண்டியது தரை. அதன்மேல் வீடு கட்டுவது அவரவர் உழைப்பு.

ஆனால், அவர் திட்டத்திலேயே ஒரு பலவீனம் இருந்தது. பங்களிப்பு அனைவருக்கும் ஒன்றே என்பதால், மிகக் குறைந்த கூலி பெறுபவர் கட்டக்கூடிய அளவைத் தாண்ட முடியவில்லை. 1946-இல் தொழிற்கட்சி அரசு ஓய்வூதியத்தை வாரம் 26 ஷில்லிங்காக நிர்ணயித்தது. விலைவாசிக்கு அது ஈடுகொடுக்கவில்லை. தற்காலிகத் துணையாகக் கருதப்பட்ட, வருவாய்ச் சோதனையுடன் கூடிய தேசிய உதவி முதியோரின் நிரந்தர ஊன்றுகோலாயிற்று. தாம் ஒழிக்க விரும்பிய சோதனை வளர்ந்துவருவதைப் பார்த்தபடியே 1963 மார்ச் 16 அன்று பெவரிட்ஜ் மறைந்தார்.

அரை நூற்றாண்டுக்குப் பின் பிரிட்டன் அவர் வழிக்குத் திரும்பியது. 2012 முதல் தொழிலாளர்கள் பணியிட ஓய்வூதியத்தில் தாமாகவே சேர்க்கப்பட்டனர். அவர்களின் சேமிப்பை வருவாய்ச் சோதனை விழுங்கிவிடக் கூடாது என்பதற்காகவே, 2016-இல் அரசின் அடிப்படை ஓய்வூதியம் அச்சோதனை வரம்பைவிடச் சற்று உயர்வாக நிர்ணயிக்கப்பட்டது.

இனி நம் ஊருக்கு வருவோம். அடல் திட்டம் 2015-இல் தொடங்கியது. நாற்பது வயதில் சேர்பவர் மாதம் 291 ரூபாய் வீதம் இருபது ஆண்டுகள், அதாவது 69,840 ரூபாய் கட்டினால், மாதம் 1,000 ரூபாய் ஓய்வூதியம் உறுதி. தமிழக அரசின் முதியோர் உதவித்தொகையோ 2023-இலேயே 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை; ஆதரவற்றவராக இருத்தலே தகுதி. கட்டிச் சேர்த்த ஆயிரம் ரூபாயைக் காட்டி உதவித்தொகை மறுக்கப்பட்டால், இருபது ஆண்டுச் சிக்கனத்தின் பயன் மாதம் 200 ரூபாய் நட்டம்! எங்கள் சிற்பி பொருளாதாரம் படித்தவர் அல்லர். ஆயினும் அவர் கணக்கு சரியானது.

அடல் திட்டத்தின் முதல் ஓய்வூதியம் 2035-இல்தான் வழங்கப்படும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. தாமே பணம் கட்டிப் பெறும் ஓய்வூதியத்தில் ஒரு குறிப்பிட்ட தொகை வரை முதியோர் உதவித்தொகைக்கான வருவாயாகக் கணக்கிடப்படாது என்று அரசு இப்போதே ஆணையிடலாம். அதற்கு இன்று எந்தச் செலவும் இல்லை. ஆனால் இன்று சேரத் தயங்குபவருக்கு அது பெரும் துணிவைத் தரும்.

அந்த அன்பரிடம் திட்டத்தில் சேருங்கள் என்றே பின்னர் சொன்னேன். உதவித்தொகை பிறர் கையில் உள்ளது. சேமிப்பு தம் கையில் உள்ளது என்பதே காரணம். ஆயினும், அவர் சேமிப்பே அவருக்கு எதிராகத் திரும்பாது என்று உறுதிகூற என்னால் இயலவில்லை. அந்த உறுதியைத் தர வேண்டியது அரசின் கடமை.