நந்தனாராக நின்ற கொடுமுடிக் குரல்

ஆண்மகன் தன்னைத் தலைவியாகப் பாவித்துப் பாடுதல் தமிழுக்குப் புதிதன்று. சங்கப் புலவர் பலர் பெண்கூற்றாகப் பாடினர். நம்மாழ்வார் பராங்குச நாயகியாகி உருகினார். ஆயின், பெண்ணொருத்தி ஆணாக நின்று இறைவனை இறைஞ்சுவது நம் மரபில் அரிது. அவ்வரிய செயலை மேடையிலும் திரையிலும் நிகழ்த்தியவர் கே. பி. சுந்தராம்பாள்.

1908-இல் காவிரிக்கரைக் கொடுமுடியில் பிறந்த அம்மையார், வறுமையின் காரணமாக இளமையிலேயே நாடகமேடை ஏறினார். 1926-இல் இலங்கையில் எஸ். ஜி. கிட்டப்பாவைச் சந்தித்தார், மறு ஆண்டு அவரை மணந்தார். கிட்டப்பா அந்தணர், முன்னரே மணமானவர். அம்மையாரோ வேறு குலத்தவர். ஒலிபெருக்கி இல்லாத அக்கால அரங்குகளில் இருவர் குரலும் கடைசி வரிசை வரை எட்டின. ஆடவர் எளிதில் தொடாத உச்ச சுருதியில் கிட்டப்பா பாடுவார். அம்மையார் அதற்கு ஈடுகொடுப்பார். ஆண்குரல், பெண்குரல் என்னும் வேலி அங்கேயே மெலிந்துவிட்டது எனலாம்.

1933 டிசம்பரில் கிட்டப்பா மறைந்தார். இருபத்தைந்து வயதில் அம்மையார் வெள்ளாடையும் திருநீறும் பூண்டார். இனி எந்த ஆடவருக்கும் இணையாக நடிப்பதில்லை என்று உறுதிகொண்டார். காதல் நாடகங்களால் வளர்ந்த நடிகைக்கு இவ்வுறுதி தொழிலையே துறப்பதற்கு ஒப்பாகும். 1934-இல் அவர் மீண்டும் மேடைக்கு வந்தார், நந்தனார் வேடத்தில். தலைவனுக்கு இணையாக நிற்க மறுத்தவர் தாமே தலைவனாகிவிட்டார்.

கோபாலகிருஷ்ண பாரதியார் படைத்த நந்தன், குலத்தின் பெயரால் தில்லை வாயிலுக்குப் புறத்தே நிறுத்தப்பட்டவன். அவன் வேண்டுதலைக் கைம்பெண்ணின் குரல் ஏற்றபோது, சொல்லில் ஓர் எழுத்தும் மாறாமலே பொருள் விரிந்தது. மங்கல நிகழ்ச்சிகளில் ஒதுக்கி வைக்கப்பட்ட பெண்களும் அவ்வாயிலில் வந்து நின்றனர். புலையனின் துயரைப் பிறிதொன்றின் உருவகமாகச் சுருக்கிவிடுதல் பிழை. ஆயினும் ஒரு விலக்கு மற்றொரு விலக்கை அடையாளங்காண்பதைப் பிழையெனல் இயலாது.

1935-இல் அதே வேடம் திரைக்கு வந்தது. தட்டிக்கழிக்கும் எண்ணத்துடன் அம்மையார் இலட்சம் ரூபாய் கேட்டதாகவும், தயாரிப்பாளர் அசன்தாஸ் உடனே இசைந்ததாகவும் கூறுவர். வேதியராக மகாராஜபுரம் விசுவநாத ஐயர் நடித்தார். படத்தைக் கல்கி எள்ளி நகையாடினார். 1942-இல் எம். எம். தண்டபாணி தேசிகர் நடித்த நந்தனார் வெளிவந்தது. தேவார மரபில் தோய்ந்த அவ்வாண்குரலில் பக்தியின் கம்பீரம் உண்டு. அதில் நந்தன் நந்தனாகவே ஒலிக்கிறான். அம்மையார் குரலில் அவனோடு வேறொருவரும் சேர்ந்து ஒலித்தார்.

பின்னர் 1940-இல் மணிமேகலை, 1953-இல் ஔவையார், 1964-இல் பூம்புகாரின் கவுந்தியடிகள். துறவியும் மூதாட்டியுமாகவே அவ்வேடங்கள் அமைந்தன. இடையே 1951-இல் சட்டமேலவைக்குச் சென்றார். 1970-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1980-இல் மறையும் வரை அவ்வெள்ளாடை மாறவில்லை. அவர் ஆணாக நின்று பாடிய அந்த நந்தனார் படத்தின் பிரதி இன்று கிடைக்கவில்லை.