வெளிச்சத்துக்காகக் காத்திருந்த ராஜா தீன்தயாள்

ஐதராபாத்துக்குப் பிழைக்க வந்த தமிழர் ஊருக்கு அனுப்பும் முதல் படத்தில் பெரும்பாலும் சார்மினார் இருக்கும். அந்த சார்மினாரையும் கோல்கொண்டா கோட்டையையும் நூறாண்டுகளுக்கும் முன்பே படம் பிடித்து உலகுக்குக் காட்டியவரும் வெளியூரிலிருந்து இங்கு வந்து சேர்ந்தவர்தான். அவர் பெயர் ராஜா தீன்தயாள்.

அளவெடுத்த கண்

1844-ம் ஆண்டு மீரட் நகருக்கு அருகே உள்ள சர்தானாவில், ஒரு ஜைனக் குடும்பத்தில் தீன்தயாள் பிறந்தார். ரூர்க்கியில் இருந்த தாமசன் பொறியியல் கல்லூரியில் படித்தார். 1866-ல் இந்தூரில், மராமத்து இலாகா அலுவலகத்தில் தலைமை மதிப்பீட்டாளராகவும் படம் வரைபவராகவும் உத்தியோகம் கிடைத்தது. கட்டடத்தின் நீள அகலங்களைக் கணக்கிடுவது, வரைபடம் போடுவது ஆகியவை அவருடைய வேலை.

1870-களின் நடுவில் புகைப்படக் கலை அவரைப் பற்றிக்கொண்டது. இந்தூர் மகாராஜா துக்கோஜி ராவ் ஆதரவு தந்தார். ஆங்கிலேய அதிகாரி சர் ஹென்றி டேலியும் ஊக்கம் கொடுத்தார். 1875-76-ல் வேல்ஸ் இளவரசர் இந்தியாவுக்கு வந்தபோது, அந்தச் சுற்றுப்பயணத்தைப் படமெடுக்கும் வாய்ப்பு இந்த அலுவலக ஊழியருக்குக் கிடைத்தது.

இருட்டறையும் கூடவே வரும்

அந்நாளில் வெளியிடத்தில் படம் எடுப்பது லேசான காரியம் அல்ல. பெரிய மரப்பெட்டிக் காமிரா, முக்காலி, கண்ணாடித் தகடுகள், ரசாயனப் புட்டிகள், இருட்டறைக்கு ஒரு கூடாரம் என்று அத்தனையும் மாட்டு வண்டியிலோ கூலியாட்களின் தலையிலோ போக வேண்டும். கண்ணாடியில் மருந்தைப் பூசி, அது ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, உடனே கழுவியாக வேண்டும். பத்து, பதினைந்து நிமிடம் தாண்டினால் தகடு வீண். கோடை வெயிலில் அந்த அவகாசமும் குறையும். 1880-களில் உலர் தகடுகள் பரவிய பிறகுதான் இந்தத் தொல்லை தீர்ந்தது.

அப்போதும் சுமை குறைந்துவிடவில்லை. அந்தக் காலத் தகடுகளுக்கு நீல நிறம்தான் நன்றாகத் தெரியும். ஆகவே வானம் வெறும் வெள்ளையாகிவிடும். பச்சை மரங்களோ கறுத்துப்போகும். இலையும் கிளையும் பிரிந்து தெரிய வேண்டுமானால், வெளிச்சம் சரியான பக்கத்திலிருந்து விழும் வேளைக்குக் காத்திருக்க வேண்டும். ஒரு தகடு கெட்டால் காசும் போகும், நேரமும் போகும். எனவே மூடியைத் திறக்கும் முன்பே எங்கே நிற்பது, எப்போது எடுப்பது என்று முடிவு செய்தாக வேண்டும்.

இங்கேதான் மராமத்து இலாகாவில் பெற்ற பயிற்சி கைகொடுத்தது. தீன்தயாளின் படங்களில் தூண்கள் செங்குத்தாக நிற்கும். கோட்டைச் சுவர் பின்னோக்கிச் சாயாது. காமிராவை அண்ணாந்து பார்க்க வைக்காமல் மட்டமாக நிறுத்தினால்தான் அப்படி அமையும்.

உத்தியோகத்தை விட்டார்

1880-களின் தொடக்கத்தில் சர் லெப்பல் கிரிஃபின் என்ற அதிகாரியுடன் பந்தேல்கண்ட் பகுதியில் சுற்றி, பழைய கோயில்களையும் கோட்டைகளையும் படமெடுத்தார். அவற்றில் 86 படங்கள் தொகுப்பாக வெளிவந்தன.

பின்னர் ஒரு பெரிய முடிவுக்கு வந்தார். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கையில் நிரந்தரமான சர்க்கார் வேலை. வீட்டில் பிள்ளைகள். இருந்தும் அந்த உத்தியோகத்தை விட்டுவிட்டு, காமிராவை நம்பி இறங்கினார். 1885-ல் வைஸ்ராயின் புகைப்படக்காரராக நியமனம் பெற்றார். ஆறாவது நிஜாம் மகபூப் அலி கானின் ஆதரவும் கிடைக்கவே, ஐதராபாத் சமஸ்தானம் அவருடைய வாழ்விடமாயிற்று. செகந்திராபாத்தில் ஸ்டூடியோ திறந்தார்.

அரண்மனைகள், ராணுவ அணிவகுப்பு, வேட்டை முகாம், எல்லோராக் குகைகள் என்று எதையும் அவர் விடவில்லை. 1892-ல் பெண்களுக்கென்றே தனி ஸ்டூடியோ தொடங்கி, ஓர் ஆங்கிலப் பெண்மணியிடம் அதன் பொறுப்பைக் கொடுத்தார். திரைக்குப் பின்னால் வாழ்ந்த பெண்மணிகள் தயக்கமின்றி அங்கே வந்தனர். நிஜாம் அவருக்கு ராஜா பட்டம் வழங்கினார். 1896-ல் பம்பாயிலும் ஸ்டூடியோ திறக்கப்பட்டது. 1897-ல் விக்டோரியா மகாராணியின் புகைப்படக்காரர் என்ற கௌரவமும் வந்தது.

கடைசி நாட்கள்

புகழ் உச்சியில் இருந்தபோது துயரம் வந்தது. தொழிலில் துணை நின்ற மகன் தரம் சந்த் 1904-ல் காலமானார். அடுத்த ஆண்டு, 1905-ல், தீன்தயாளும் மறைந்தார்.

1908-ல் மூசி நதி பெருக்கெடுத்து நகரின் பெரும் பகுதியை அழித்தது. வெள்ளத்துக்கு முந்திய ஐதராபாத்தை இன்று நாம் காண முடிகிறதென்றால், அதற்குத் தீன்தயாளின் தகடுகளும் ஒரு காரணம். அவற்றில் 2,857 கண்ணாடித் தகடுகளை 1989-ல் டில்லியில் உள்ள இந்திரா காந்தி தேசியக் கலை மையம் பெற்றுக்கொண்டது. 2006-ல் அஞ்சல்துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

இன்று சட்டைப் பையிலேயே காமிரா இருக்கிறது. ஒரு நிமிடத்தில் ஐம்பது படம் எடுத்துவிடலாம். ஆனால் வெளிச்சம் மட்டும் மாறவில்லை. உச்சி வெயிலில் முகத்தில் கறுப்பு நிழல் விழும், கல் வேலைப்பாடு தட்டையாகிவிடும். காலையிலும் மாலையிலும் சாய்ந்து விழும் வெயிலில் அதே கல் உயிர் பெறும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோல்கொண்டாவுக்குப் போகிறவர்கள் விடிந்ததும் புறப்படலாம். நல்ல இடம் பார்த்து நின்று, காமிராவை மட்டமாகப் பிடித்து, வெயில் சுவரில் சாயும்வரை சற்றுப் பொறுத்திருந்தால் போதும். ராஜா தீன்தயாள் தம் வாழ்நாள் முழுவதும் செய்த வேலை அதுதான்.